எடைக்குப் போடும் முன்

காயலான் கடைக்காரர் வண்டியை ஒரே ஒரு சுற்றுதான் சுற்றினார். பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை. பின்பக்கத் தொட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினார். துரு பொரிபொரியாக உதிர்ந்தது. "தகரம் போயிட்ச்சுணே. சேஸுக்குத்தான் காசு. ஒன்னேகால் டன் வரும்னு வெச்சுக்க. கிரேன் செலவக் கழிச்சுட்டு நாளைக்கே தூக்கிக்கிறேன்" என்றார்.

சித்தப்பா பதில் சொல்லவில்லை. புளியமரத்தடியில் நிற்கும் அந்த ஜீப் பிக்கப்பைப் பார்த்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார்.

பெரியபாளையத்தில் ஊத்துக்கோட்டை சாலையை விட்டு உள்ளே திரும்பினால் சித்தப்பாவின் நிலம். வண்டி 1984 மாடல் மஹிந்திரா, டி.என். வரிசை வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். மூக்கு ஜீப், முதுகு மரப்பலகைத் தொட்டி. கத்திரிக்காய், வெண்டைக்காய், கனகாம்பரம் எல்லாம் நள்ளிரவில் ஏற்றி முதலில் கொத்தவால்சாவடிக்கும், 1996-ல் சந்தை இடம் மாறிய பிறகு கோயம்பேட்டுக்கும் போய் வந்தது. ஆடி மாதம் வந்தால் காய்கறிக்கு லீவு. பவானி அம்மனுக்குப் பொங்கல் வைக்கவும் வேப்பஞ்சேலை கட்டவும் வரும் சனத்தை ஏற்றி இறக்கவே நேரம் சரியாக இருக்கும். 2012-ல் கியர் விழாமல் நின்றது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று மரத்தடியில் தள்ளிவிட்டார்கள். 2015 டிசம்பர் மழையில் அச்சு வரை தண்ணீர் நின்றது. அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

நினைவுக்காக வைத்திருக்கிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். சோம்பலுக்கு நாங்கள் வைத்த நல்ல பெயர் அது. உண்மையிலேயே நினைவு என்றால் மேலே ஒரு தார்ப்பாய் போட்டிருப்போம்.

அன்று சாயங்காலம் பாய் வந்தார். சிறுவயதில் புதுப்பேட்டையில் தொழில் கற்றவர், இப்போது எங்கள் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வண்டியைச் சுற்றவில்லை. நேரே தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். பத்து நிமிடம் டார்ச் வெளிச்சம் மட்டும் அங்கும் இங்கும் நகர்ந்தது. வெளியே வந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "எடைக்குப் போட்டா எடைக்குத்தாண்ணே வரும். ஒரு வாரம் டைம் குடு."

துருப்பிடித்த பழைய வண்டிக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று கிலோ விலை, இன்னொன்று பெயர் விலை. செல்ஃப் மோட்டார், கிரவுன், ஸ்டியரிங் பாக்ஸ் என்று பெயரோடு நிற்கும்போது ஒரு காசு, பெயர் போய் இரும்பு என்று ஆனபின் வேறொரு காசு. கேஸ் கட்டர் நெருப்பைப் பற்றவைத்த நொடியில் பெயர் விலை செத்துப்போகும். செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால்தான்.

முதல் வேலை ஸ்பேனரை எடுப்பது என்றுதான் நினைத்தேன். பாய் கொண்டுவந்தது ஒரு நீளக் கழியும் ஒரு பாட்டில் எண்ணெயும். கழியால் சீட்டுக்கு அடியில் குத்திப் பார்த்தார், ஒரு முழ நீளத்துக்குச் சாரைப்பாம்பு உரித்த சட்டை வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் குளவிக்கூடு. பத்து வருடத்துக்கு மேல் நின்ற வண்டிக்குள் தலையை விடுபவர்கள் இந்தக் கழியை மறக்கக் கூடாது.

எண்ணெய் என்றது டீசலும் கழிவு இன்ஜின் ஆயிலும் கலந்த கலவை. கழற்ற வேண்டிய எல்லா நட்டுக்கும் அதைச் சொட்டுச்சொட்டாக விட்டு இரண்டு நாள் அப்படியே விட்டுவிடச் சொன்னார். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் கேட்கும் பொருள். இரும்பு துருவாக மாறும்போது பருமன் பெருகி மரைகளுக்கு நடுவே ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். எண்ணெய் அந்த இடுக்கில் மெல்ல இறங்க வேண்டும். பிறகு சுத்தியால் நட்டின் தலையில் நாலு தட்டு. அடுத்து, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அளவு திருப்ப வேண்டும், துரு 'டிக்' என்று விடும், அதன் பிறகுதான் கழற்றும் பக்கம். அப்படியும் வராவிட்டால் நெருப்பு காட்டி நட்டைச் சூடேற்றலாம். நட்டு விரிந்து பிடி தளரும்.

எனக்கு இரண்டு நாள் பொறுமை இல்லை. மறுநாள் காலையிலேயே மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்றில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, பிடியில் ஒரு பைப்பையும் செருகி இழுத்தேன். 'படக்'. ஸ்டட் பாதியில் முறிந்தது, மீதி ஹெட்டுக்குள். பாய் திட்டவில்லை. முறிந்த துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இது போல்ட் இல்ல தம்பி, லேத்துக்காரனுக்குப் போற காசு" என்றார். அதன் பிறகு என் வேலை கழற்றிய நட்டை அதே போல்ட்டில் திரும்ப மாட்டி, துணிப்பையில் போட்டு, எந்த இடத்து நட்டு என்று எழுதிக் கட்டுவது மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் அதுவும் சின்ன வேலை இல்லை. பெயர் தெரியாத ஒரு பை நட்டு, கடைசியில் எடைக்குத்தான் போகும்.

சக்கரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வில்லீஸ் வழி வந்த பழைய ஜீப்கள் பலவற்றில் இடது பக்கச் சக்கரத்து நட்டுகளுக்கு இடப்புரி மரை. ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அது தெரியாதவர், கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டே இருப்பார். அப்படி முறிந்த ஸ்டட்களைப் பட்டறைகளில் நிறையப் பார்த்திருப்பதாகப் பாய் சொன்னார்.

இன்ஜின் கதை தனி. மஹிந்திரா நிறுவனம் 1979-ல் பிரான்ஸின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கித் தயாரித்த எக்ஸ்.டி.பி. டீசல் இன்ஜின் அது. நாலு சிலிண்டர், 2112 சிசி. குளிர் காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும் வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்பதை ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். (அதே பெஜோ குடும்பத்தின் சிட்ரோன் கார்கள் இன்று எங்கள் திருவள்ளூரில், முன்பு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் லேன்சர் கார் செய்த ஆலையில் தயாராகின்றன. வண்டிகளுக்கும் சொந்தபந்தம் உண்டு.) இன்ஜின் சிக்கிக் கிடந்தது, அசையவில்லை. பாய் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெய் ஊற்றினார். நாலாம் நாள் ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பினார். ஒரு விரற்கடை நகர்ந்தது. "மூச்சு இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இதே வகை ஜீப்பைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். கியர் விழாத கியர்பாக்ஸ் என்று சொல்லியே கொடுத்தோம், பல்சக்கரங்களுக்காக எடுத்துக்கொண்டார். முழு வண்டிக்கும் காயலான் கடையில் முதலில் பேசிய தொகையில் பாதிக்கு மேல் இவை இரண்டிலேயே வந்தது.

மற்றவை சில்லறையாகப் போயின. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், எடைக்கே போட்டாலும் இரும்பைப் போலப் பல மடங்கு. ஸ்டியரிங் பாக்ஸ், கிரில், முன்கண்ணாடிச் சட்டம், கதவுக் கீல்கள் ஜீப் பிரியர்களுக்கு. பின்பக்க அச்சை ஹப்போடு சேர்த்து ஊருக்குள் டயர் வண்டி செய்பவர் கேட்டு வாங்கினார். டீசலில் ஓடிய அச்சு இனி மாட்டுக்குப் பின்னால் ஓடும். ஸ்பிரிங் பட்டைகளைச் சித்தப்பா யாருக்கும் தரவில்லை. அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் லாரிப் பட்டை, ஜீப் பட்டை இரும்பைவிட நல்ல இரும்பு கிடையாது என்று எந்தக் கொல்லரைக் கேட்டாலும் சொல்வார். வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது, காய்ச்சித் தோய்த்தால் வாய் நிற்கும்.

கழற்றியும் விற்காமல் விட்டவை உண்டு. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டரின் ரப்பர்கள், ஸ்டியரிங் பால் ஜாயிண்ட், டயர். "இத வித்தா ராத்திரி தூக்கம் வராது" என்றார் பாய். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், எத்தனையாவது வாரம், எந்த வருடம் செய்தது என்று இருக்கும். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். பிரேக் டிரம்மைத் திறந்தபோது உள்ளே இருந்த தூசியை நான் ஊதப் போனேன், பாய் கையைப் பிடித்தார். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும், நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்ட வேண்டும். டீசல் டேங்கையும் நெருப்புப் பக்கம் கொண்டுபோக விடவில்லை. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் மோசம், உள்ளே இருப்பது ஆவி.

பாடியில் பிறந்தது

கழற்றிய சாமான்களைச் சாக்கில் பரப்பித் துடைத்தபோதுதான் ஒன்று கவனித்தேன். பழைய வண்டி ஒன்றைக் கழற்றினால் அம்பத்தூர் – பாடி பக்கத்து விலாசப் புத்தகம் போல இருக்கும். டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். பாடியில் தொடங்கியது 1961-ல். பிரேக் சாமான்கள் செய்யும் பிரேக்ஸ் இந்தியா அதற்கு அடுத்த வருடம், அதுவும் பாடி. சக்கர ரிம் செய்யும் வீல்ஸ் இந்தியாவும் பாடிதான். பிஸ்டனுக்குச் செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ், 1949. பம்பாய்க் கம்பெனியின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஓடிய வண்டிகளின் வயிற்றுக்குள் இருந்ததில் பாதி மெட்ராஸ்.

முழுக்க மெட்ராஸ் வண்டிகளும் இருந்தன. வண்டலூர் அருகே ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டு, கேஸல் கார்களோடு 'ஸ்டாண்டர்டு 20' என்ற வேனும் பிக்கப்பும் செய்தது. பள்ளிக்கூட வேனாக, ஆம்புலன்ஸாக, சரக்கு வண்டியாக 60 வயதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பார்கள். 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. மஹிந்திரா ஜீப்புக்கு இன்றைக்கும் டூப்ளிகேட்டாவது செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. ஸ்டாண்டர்டு 20-க்கு ஒரு கதவுக் கைப்பிடி வேண்டுமென்றால் செத்துக் கிடக்கும் இன்னொரு ஸ்டாண்டர்டு 20-தான் தர வேண்டும். மூடிப்போன கம்பெனியின் வண்டியை எடைக்குப் போடுவது என்பது அந்த வண்டியின் கடைசி ஆலையையும் சேர்த்து மூடுவது. உங்கள் ஊரில் ஏதாவது ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அப்படி ஒன்று நின்றால், கிரேனுக்குச் சொல்லும் முன் நாலு பேரிடம் விசாரியுங்கள்.

இந்த வித்தைக்கெல்லாம் பல்கலைக்கழகம் கூவம் கரையில் இருக்கிற புதுப்பேட்டை. ஒரு முனையில் காராக நுழைந்து மறுமுனையில் நட்டு போல்ட்டாக வெளியே வரும் என்று அந்தத் தெருக்களைப் பற்றி ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். திருட்டு வண்டிப் பழியும் அந்தப் பேட்டை மீது உண்டு. அதனாலேயே ஒழுங்கான வியாபாரி ஆர்.சி. நகல் இல்லாமல் இன்ஜினைத் தொட மாட்டார். ஆனாலும் வடசென்னை மீன்பாடி வண்டியில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பூட்டி ஓடவிடும் மூளை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், புதுப்பேட்டையைத் திருட்டோடு மட்டும் சேர்த்துப் பேச மனம் வராது.

கும்மிடிப்பூண்டியில் கரைவது

மிச்சம் நின்றது சேஸும் துருத் தகரமும். அதை ஏற்றிக்கொண்டு ஆரணி, புதுவாயல் வழியாக ஜி.என்.டி. ரோடு ஏறி, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. சிப்காட்டைச் சுற்றிய உருக்காலைகளும் ரோலிங் மில்களும் பழைய இரும்பைத் தின்றுதான் வாழ்கின்றன. மின்தூண்டல் உலையில் ஏறக்குறைய 1,600 டிகிரி சூட்டில் இரும்பு பாயசமாகக் கொதிக்கும். அதை வார்த்து, உருட்டி, கட்டடக் கம்பியாக இழுப்பார்கள்.

நல்ல காரியம்தான், சந்தேகம் வேண்டாம். ஒரு டன் பழைய இரும்பை உருக்கினால் 1,400 கிலோ இரும்புத்தாதும் 740 கிலோ நிலக்கரியும் 120 கிலோ சுண்ணாம்புக்கல்லும் மிச்சம் என்பது உலக உருக்குச் சங்கத்தின் கணக்கு. ஆனால் உலைக்கு என்ன போகிறது என்பதில் விஷயம் இருக்கிறது. வயரிங்கையும் மோட்டாரையும் கழற்றாமல் அப்படியே அமுக்கி அனுப்பினால் அதிலுள்ள செம்பு இரும்போடு கரைந்துவிடும். கரைந்த செம்பை உலையில் பிரித்தெடுக்க வழி கிடையாது. செம்பு கூடிய எஃகு, சூட்டோடு உருட்டும்போது மேற்பரப்பில் வெடிக்கும். நாம் செம்புக் கம்பியைக் காசுக்காகக் கழற்றுகிறோம், யாரோ கட்டுகிற வீட்டுக் கம்பிக்கும் அது நல்லது. மூடிய சாமான்களும் அப்படித்தான். ஷாக் அப்சார்பரையோ தண்ணீர் தேங்கிய குழாயையோ துளை போடாமல் உலையில் தள்ளினால், உள்ளே அடைபட்டது ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். சிதறும் இரும்புக் குழம்பு உலை வாயில் நிற்கும் தொழிலாளியின் மேல்தான் விழும். பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து வந்த பையன்கள். எங்கள் சேஸ் போன அன்று நாலு ஷாக் அப்சார்பரிலும் பாய் டிரில் போட்டு எண்ணெயை வடித்துவிட்டுத்தான் ஏற்றினார். அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

இனி காகித சங்கதி. இதில் நம் ஆட்கள் கோட்டை விடுவது அதிகம். வண்டி போய்விட்டது, ஆனால் அரசாங்கக் கணக்கில் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டவே முடியாதபடி வண்டி அழிந்துபோனால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. சேஸ் நம்பர் பொறித்த இடத்தை வெட்டித் தனியே எடுத்து வைக்காமல் சேஸைக் கைமாற்றிவிட்டால், அந்த நம்பர் நாளைக்கு எந்த வண்டியில் ஒட்டி எந்த ஊரில் எதைக் கடத்தும் என்று யார் கண்டது? வரி பாக்கி, பழைய ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் ஒட்டிக்கொண்டிருப்பது, இவற்றையெல்லாம் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிய அரசின் பழைய வாகனக் கழிப்புக் கொள்கை 2021 ஆகஸ்டில் வந்தது. பதிவு பெற்ற கழிப்பு மையத்தில் வண்டியை விட்டால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டி அடுத்த வண்டி வாங்கினால் சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரையும், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையும் சலுகை. ஜீப் செய்த மஹிந்திராவே, ஒன்றிய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 2018-ல் கிரேட்டர் நொய்டாவில் வண்டி கழிக்கும் மையத்தையும் திறந்தது. 2025 ஏப்ரலிலிருந்து, ஆயுள் முடிந்த வண்டிகளுக்குத் தயாரித்த கம்பெனியே பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடப்புக்கு வந்திருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் இந்தச் சலுகையெல்லாம் புது வண்டி வாங்குகிறவருக்கு. சித்தப்பா மாதிரி, இனி வண்டியே வேண்டாம் என்று முடிவெடுத்த விவசாயிக்கு அதில் என்ன இருக்கிறது? பழுதில்லாத சாமானைக் கழற்றிப் பிழைக்கவைக்கும் பட்டறைக்காரருக்குத்தான் என்ன இருக்கிறது? புகையையும் எடையையும் பார்க்கிற கொள்கை, பாயின் கையைப் பார்க்கவில்லை என்பது என் மனத்தாங்கல்.

"பழசுதானே, வின்டேஜ்னு பதிஞ்சுக்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவம் மாறியிருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படியே பதிந்தாலும் கண்காட்சி, பேரணி என்று ஓட்டலாமே தவிர கத்திரிக்காய் ஏற்ற முடியாது. எங்கள் வண்டிக்கு 50 நிறைய இன்னும் பல வருடம் பாக்கி. தொட்டிக் கதவு உள்ளங்கை அழுத்தத்துக்கே தாங்கவில்லை.

கடைசிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் என்று பேசியது பதினோரு நாள் ஆனது. பாயின் கூலி, லேத், டெம்போ எல்லாம் கழித்து, முதல் நாள் பேசிய எடை விலையைப் போல இரண்டு மடங்கு சித்தப்பா கையில் நின்றது. பெரிய லாபம் இல்லை. புளியமரத்தடியில் இடம் காலியானதும் சித்தி அங்கே அடுப்பு போட்டு நெல் அவிக்க ஆரம்பித்துவிட்டார். கொல்லர் பட்டறைக்குப் போன பட்டையில் இரண்டு வெட்டுக்கத்தி வந்தது. ஒன்று தென்னை மட்டைக்கு. இன்னொன்றைச் சித்தப்பா பாயிடம் கொடுத்தார். பாய் அதன் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, பக்ரீத்துக்கு ஆச்சு என்றார்.